பிரிண்டுல வராத வாயி

வூடு கட்றவரு கொத்தனாரு, குடி போறவரு ஊட்டுக்காரரு, ரெண்டு பேரு கிட்டயும் திட்டு வாங்கறவன் மட்டும் கோடு போட்றவன். இது தான் எங்க தொழிலு.

கம்ப்யூட்டர்ல கோடு இழுத்து சோறு துன்ற என் சொந்தங்களே, உங்களுக்கு இத்த நான் சொல்லித்தான் தெரியணுமா? "சின்னதா ஒரு மாத்தம் தான் தம்பி"ன்னு ஒருத்தரு ஆரம்பிச்சாருன்னா, அன்னிக்கி மத்தியான சோறு ஆறிப்போச்சின்னு அர்த்தம். நான் வில்லியனூர்ல ஒரு இன்ஜினியர் மேடம் ஆபீஸுல பிளான் போட்றவன். கீழ உரக்கடை, மேல நாங்க. மழ பேஞ்சா உர மூட்ட வாசன படியேறி வந்து எங்க கூட ஒக்காந்துக்கும்.

பேரு ஆரோக்கியம். வருஷத்துல பத்து மாசம் சளி. பிளஸ் டூவுல ரெண்டு பாடம் புட்டுக்கிச்சி, அதோட படிப்புக்கு கும்புடு போட்டுட்டு மேடத்துக்கு டேப்பு புடிக்க வந்தேன். டேப்பு முனைய புடிச்சிக்கினு இருந்தவன், பாத்து பாத்து கத்துக்கினு மௌஸ புடிச்சேன். வேல வந்துச்சி. வாயி மட்டும் அடங்கல. யாரு வந்து பேசிட்டு போனாலும், அவங்க செருப்பு சத்தம் படி எறங்கறதுக்குள்ள அவங்க மாரியே பேசி காட்டிடுவேன். அது ஒரு வியாதி. இந்த கதைல பாதி அந்த வியாதியால வந்தது.

மாடி இல்லாத வூட்டுக்கு படிக்கட்டு

ஒரு மாசத்துல மூணு பிளானு, அனுமதி குடுக்கற ஆபீஸ்லேர்ந்து திரும்பி வந்துச்சி. மூணும் நான் போட்டது. புது வூட்டுக்கு பிளான் போடணும்னா நான் இன்னா பண்ணுவேன்? பழய வூட்டு பிளான தொறந்து, வேற பேருல சேவ் பண்ணிக்கினு, அது மேலயே அழிச்சி அழிச்சி போட்டுடுவேன். நீங்களும் அப்டித்தான், பொய் சொல்லாதீங்க. அப்டி போட்டா பழய வூட்டு எலும்பு ஒண்ணு எங்கயாச்சியும் உள்ள கெடக்கும். மொத பிளான்ல பழய ஆளு பேரு கெடந்துச்சி. ரெண்டாவதுல பழய சர்வே நம்பரு. மூணாவதுல ஒரு படிக்கட்டு. அந்த வூட்டுக்கு மாடியே கெடயாது. படியேறி போனா நேரா வானம் தான்.

எங்க ராஜேஸ்வரி மேடத்துக்கு கோவம் வந்தா கத்த மாட்டாங்க. கண்ணாடிய கழட்டி தலைல மாட்டிக்குவாங்க. கொரலு கெணத்துக்குள்ள எறங்கற வாளி மாரி மெதுவா கீழ போவும். அன்னிக்கி நல்லா ஆழத்துக்கே போச்சி. "பழைய டிராயிங்க தொடவே கூடாது. ஒரு டெம்ப்ளேட்டு போடு. எல்லா வூட்டுக்கும் அதுலேர்ந்து தான் ஆரம்பிக்கணும்"னாங்க. டெம்ப்ளேட்டுன்னா வேற ஒண்ணும் இல்லீங்க, இட்லித் தட்டு. பேப்பர் அளவு, எழுத்து அளவு, கோட்டு தடிமன், வடக்கு காட்ற அம்புக்குறி, ஓரத்துல பேரு எழுதற பொட்டி, எல்லாத்தயும் ஒரு தடவ ஒழுங்கா குழி வெட்டி வெச்சிட்டா, எந்த மாவ ஊத்துனாலும் இட்லி வட்டமா வரும். குழி கோணயா போச்சின்னா ஊரு பூரா கோண இட்லி. நான் தலய ஆட்டிட்டு திரும்புனேன். மேடம் கூப்ட்டு நிறுத்தி, அதே கெணத்து கொரல்ல சொன்னாங்க: "இன்னொரு பிளான் திரும்பி வந்துச்சின்னா, அந்த சேர்ல டவுன்லேர்ந்து ஒரு பொண்ணு வந்து ஒக்காரும் ஆரோக்கியம். நல்ல பொண்ணு. பேசவே பேசாது."

பாதி ஹாலு

அந்த சேரு ஒண்ணும் சிம்மாசனம் இல்ல. ஒரு சக்கரம் ஒடஞ்சி எடது பக்கம் சாயும். ஆனாலும் பதினொரு வருஷமா என் ஒடம்பு அந்த சாய்வுக்கு பழகிப்போச்சி. அத்த காப்பாத்தணுமேன்னு டெம்ப்ளேட்டுல எறங்குனேன். அனுமதி குடுக்கற ஆபீஸுக்கு மீட்டர் கணக்கு தான் வேணும், அதனால மீட்டர்ல அமைச்சேன். கக்கூசு, கதவு, ஜன்னலு எல்லாம் ஏற்கெனவே நான் தனித்தனியா போட்டு சேத்து வெச்சது ஒரு ஃபோல்டர் நெறய இருந்துச்சி. அதெல்லாம் அடி கணக்குல போட்டது. இந்த எடத்துல உங்கள்ல பாதி பேரு சிரிச்சிருப்பீங்க. சிரிங்க, சிரிங்க.

அரியாங்குப்பத்துலேர்ந்து ஒரு அண்ணன் வந்தாரு. தெனம் பைக்குல டவுனுக்கு வேலைக்கு போயி வர்றவரு, அதனால ஹெல்மெட்ட கழட்டாமலே பேசுவாரு, பேச்சு கொடத்துக்குள்ளேர்ந்து வர்ற மாரி வரும். அவரு கண்ணு முன்னாடியே புது டெம்ப்ளேட்டுல வூட்ட போட்டேன். செவுரு ஜோரா வந்துச்சி. கடேசில நாலுக்கு ஆறு கக்கூச எடுத்து மூலைல வெச்சேன். நாலு அடிக்கு ஆறு அடி, நாலு மீட்டருக்கு ஆறு மீட்டரா ஊதிக்கிச்சி. ஹாலுல பாதிய முழுங்கிட்டு, சமையக்கட்டுக்குள்ள ஒரு கால நீட்டிக்கினு ஒக்காந்துச்சி. அழிச்சிடலாம்னு மௌஸ நகத்துனேன். அண்ணன் ஹெல்மெட்டு கண்ணாடிய மட்டும் தூக்கி, கிட்ட வந்து நல்லா பாத்தாரு: "வுடு தம்பி, அழிக்காத. பைக்க எங்க நிறுத்தறதுன்னு தான் ரொம்ப நாளா யோசன பண்ணிக்கினு இருந்தேன்."

சென்னாக்குன்னி

அளவு சரியாச்சி. அடுத்தது எழுத்து. ஸ்கிரீன்ல பாத்தா எழுத்து கொழுகொழுன்னு இருக்கும், பேப்பர்ல வந்தா காணாம போயிடும். எத்தன மடங்கு சின்னதாக்கி பிரிண்ட் எடுக்கறோமோ, அத்தன மடங்கு எழுத்த பெருசா வெச்சிக்கணும். அந்த கணக்குல நான் ஒரு சுழி வுட்டுட்டேன்.

மொத பேப்பர் போனது பனித்திட்டுக்கு, மீனு புடிக்கற போட்டு வெச்சிக்கிற ஒரு அக்கா வூட்டுக்கு. வல, எஞ்சினு, ஐஸ் பொட்டி எல்லாம் வெக்க பின்னால ஒரு ரூமு கேட்டிருந்தாங்க. நான் போட்டு குடுத்த பிளான கைய நீட்டி புடிச்சி பாத்தாங்க. கிட்ட வெச்சி பாத்தாங்க. வெளிச்சத்துல தூக்கி, மீனு செவுள பாக்கற மாரி திருப்பி திருப்பி பாத்தாங்க. அப்பறம் பேப்பர மடிச்சி என் கையிலயே குடுத்தாங்க: "இது எழுத்தா, பொடி எறா சென்னாக்குன்னிய காய வெச்சிக்கிறியா? எங்காளு நடுக்கடல்லேர்ந்து கரய பாத்துடுவாரு, இதுல சமையக்கட்டு எங்கன்னு அவரால கூட பாக்க முடியாது தம்பி."

அடுப்பு மூல

இட்லித் தட்டுல ஒரு ஆபத்து இருக்கு. ஒரு குழிய செஞ்சி வெச்சிட்டா அதுக்கப்பறம் அத்த யாரும் பாக்கறது இல்ல. வடக்கு காட்ற அம்புக்குறிய மேல பாக்க வெச்சேன், மறந்துட்டேன்.

பாகூர்லேர்ந்து வள்ளி அக்கா. நெல்லு போட்றவங்க. அவங்க மனைக்கி ரோடு மேக்கால வருது. நான் பேப்பர்ல ரோட்ட கீழ போட்டு வரஞ்சேன், பாக்க நல்லா இருக்கும்னு. அப்டின்னா வடக்கு பேப்பருக்கு எடது பக்கம் வரணும். அம்புக்குறியோ மேல பாத்து நிக்குது, டிராபிக் போலீசு மாரி. அக்கா அத்த எடுத்துக்கினு போயி ஊருல ஒரு வாஸ்து பாக்கறவரு கிட்ட காட்டிட்டாங்க. அவரு அம்புக்குறிய நம்பி மூலய எண்ணிட்டு, "அடுப்பு ஈசானி மூலைல இருக்கு, குடும்பம் தாங்காது"ன்னுட்டாரு. மறுநாளு அக்கா, அவங்க ஊட்டுக்காரரு, நாத்தனாரு, மூணு பேரும் மாடியேறி வந்தாங்க. அக்கா கண்ணு செவந்து இருந்துச்சி. ராத்திரி பூரா வூட்டுல சண்டயாம், யாரு சொல்லி அங்க அடுப்பு வெச்சதுன்னு. ஊட்டுக்காரரு "நான் சொல்லல"ன்னு மட்டும் நாலு தடவ சொன்னாரு. பாவம், நெசமாவே அவரு சொல்லல.

அம்புக்குறிய புடிச்சி எடது பக்கம் சாச்சேன். அடுப்பு அசயாம இருந்த எடத்துலயே அக்கினி மூலைக்கு போயிட்சி. மூணு பேரும் வாய தொறந்துக்கினு ஸ்கிரீன பாத்தாங்க. பிளானு இன்னும் அனுமதி ஆபீஸுக்கு போவலன்னு நான் மனசுக்குள்ள சிலுவ போட்டுக்கினேன். வள்ளி அக்கா மூக்க உறிஞ்சிட்டு சொன்னாங்க: "அம்புக்குறிய தட்னதுக்கே அடுப்பு சரியான மூலைக்கு போவுதே தம்பி, எங்க ஊட்டுக்காரரயும் அப்டி ஒரு தட்டு தட்டி வையேன்."

சித்தப்பா வூட்டு பூஜ ரூமு

பத்து வூட்டுல ஒம்போது வூட்டுக்கு பூஜ ரூமு கேக்கறாங்க. அதனால டெம்ப்ளேட்டுலயே ஈசானி மூலைல ஒரு பூஜ ரூம போட்டு, பேரயும் எழுதி வெச்சிட்டேன். வேணாங்கறவங்களுக்கு அழிச்சிக்கலாம்னு ஒரு எண்ணம். அழிக்க மறந்தது யாரு வூட்டுக்குன்னா, என் சொந்த சித்தப்பா வூட்டுக்கு. நாங்க வேதக்காரங்க. மாதா கோயிலுக்கு பின்னால நாலாவது வூடு எங்க சித்தப்பாவுது. பேரே சூசை.

பிளானு அனுமதிக்கு போறதுக்கு முன்னாடியே நல்ல நாளு வந்துட்சின்னு சாமியார கூட்டியாந்து கல்லு மந்திரிச்சாங்க. தீர்த்தம் தெளிச்சி முடிச்சதும் சாமியாரு, "எங்க, வூடு எப்டி வருது பாப்போம்"னு பிளான வாங்கி விரிச்சாரு. நிதானமா படிச்சாரு. ஹாலு. படுக்க அற. அப்பறம் நின்னுட்டாரு. சித்தி எட்டி பாத்துச்சி. பாத்துட்டு என்ன பாத்துச்சி. அந்த பார்வைல நான் அப்டியே அஸ்திவாரக் குழில எறங்கி படுத்துக்கலாம்னு இருந்துச்சி. சாமியாரு மட்டும் பிளான பதமா மடிச்சி சித்தப்பா கையில குடுத்தாரு: "மூல நல்லா வெளிச்சமாத்தான் இருக்கு சூசை, மாதாவ அங்கயே வெச்சிடுங்க. ஆரோக்கியத்த மட்டும் ஞாயித்துக்கெழம மொத பெஞ்சுல ஒக்கார வையுங்க."

வாயிக்கு ஒரு லேயரு

இப்பிடி ஒவ்வொரு குழியா சரி பண்ணிக்கினே வந்தேன். வாய தான் இன்னும் சரி பண்ணல. பேசாத பொண்ணு ஒண்ணு டவுன்ல ரெடியா இருக்குன்னு மேடம் சொன்னதுலேர்ந்து, ஆபீஸுல யாரு மாரியும் பேசி காட்றது இல்லன்னு முடிவு பண்ணேன். ரெண்டு நாளு தாங்குச்சி. மூணாவது நாளு தொண்ட கிட்ட வந்து நிக்குது. இன்னா பண்றது?

உங்களுக்கு தெரியும், லேயருன்னு ஒண்ணு இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குன கண்ணாடி பேப்பரு மாரி. செவுரு ஒரு லேயரு, கதவு ஒரு லேயரு, கரண்டு ஒரு லேயரு. ஒவ்வொண்ணுக்கும் நேரா குட்டியா ஒரு பிரிண்டர் பொம்ம இருக்கும். அத்த தட்டி அணச்சிட்டா, அந்த லேயருல இருக்கறது ஸ்கிரீன்ல தெரியும், பேப்பர்ல வராது. டெம்ப்ளேட்டுல புதுசா ஒரு லேயரு போட்டு "வாயி"ன்னு பேரு வெச்சேன். பொம்மய அணச்சேன். அவ்ளோ தான், சொர்க்கம். அரியாங்குப்பத்து அண்ணன் பிளான்ல, "ஹெல்மெட்டோட பொறந்தவரு." வள்ளி அக்கா பிளான்ல அவங்க ஊட்டுக்காரரு நிக்கற எடத்துல, "நான் சொல்லல, நான் சொல்லல, நான் சொல்லல." வெளாட்டு மட்டும் இல்லீங்க, வேலயும் அதுலயே எழுதிக்குவேன். "இந்த ஜன்னலு அக்காவுக்கு புடிக்கல, அண்ணனுக்கு பயந்து சும்மா இருக்காங்க"ன்னு. எனக்கு பேசுன மாரியும் ஆச்சி, ஞாபகத்துக்கும் ஆச்சி. ஆபீஸு அப்டி ஒரு அமைதி. மேடம் ஒரு நாளு என் சேரு கிட்ட வந்து நின்னு, நெத்திய தொட்டு பாக்காத கொறயா கேட்டாங்க: "ஒரு வாரமா சத்தமே இல்லையே ஆரோக்கியம், ஒடம்புக்கு ஏதாச்சியா?"

ரெண்டு குழி

இப்ப தான் கதயோட கழுத்துக்கு வர்றோம். மடுகரயிலேர்ந்து கலியபெருமாளு அண்ணன் வந்தாரு. கரும்பு போட்றவரு. ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னாடி தொண்டய ஒரு செருமு செருமுவாரு, டிராக்டரு கெளம்பற மாரி. கூட அவரு தம்பி தனுசு. அண்ணன் பைக்கு ஓட்ட மாட்டாரு, அதனால எங்க போனாலும் தம்பி தான் பின்னால ஒக்கார வெச்சி கூட்டியாருவாரு. ரெண்டு பேரு மனையும் பக்கத்து பக்கத்துல.

எங்க பக்கம் மன அளக்கற குழின்னா தெரியும் இல்ல? இருவத்தி நாலு அடிக்கு இருவத்தி நாலு அடி. பத்திரத்துல அண்ணனுக்கு ரெண்டு குழி. அப்டின்னா இருவத்தி நாலுக்கு நாப்பத்தியெட்டு. இது எல்லாரு வாயிலயும் இருக்கற கணக்கு. அதுக்கோசரம் டெம்ப்ளேட்டுலயே ஒரு குழி சதுரம் செஞ்சி வெச்சிருந்தேன், ரெண்டு குழின்னா ரெண்ட எடுத்து ஒட்டிட்டு ஆரம்பிச்சிடலாம். ஆனா மனைல போயி டேப்பு புடிச்சப்ப அகலம் இருவத்தி மூணரை தான் வந்துச்சி. தனுசு அண்ணன் மாட்டுத் தொழுவத்து செவுரு அரை அடி இந்த மனைக்குள்ள நிக்குது. அவங்க அப்பா இருக்கும்போது, மன பிரிக்கறதுக்கு முன்னாடி எழுப்புன செவுரு. கலியபெருமாளு அண்ணன் டேப்பு முனைய வாங்கி அவரே புடிச்சி பாத்தாரு. செவுத்துல முட்டி, இன்னும் போவாதான்னு அழுத்தி பாத்தாரு. இருவத்தி மூணரை தான். தனுசு அண்ணன் அந்த நேரம் பாத்து மாட்டுக்கு தண்ணி காட்ட போயிட்டாரு.

நான் திரும்பி வந்து மேடத்து கிட்ட சொல்லிருக்கணும். சொல்லல. கலியபெருமாளு அண்ணன் பக்கத்துலயே ஒக்காந்துக்கினு, செருமி செருமி "ரெண்டு குழி, ரெண்டு குழி"ன்னுக்கினே இருந்தாரு. எனக்கு எதுத்து பேச வரல. ஊருல எல்லாரு மாரியும் பேசி காட்ற வாயி, ஒருத்தர நேரா பாத்து "இல்லண்ணே"ன்னு சொல்ல வராது. சதுரம் ரெண்ட ஒட்டுனேன், இருவத்தி நாலுன்னே போட்டேன். மனசு கேக்காம வாயி லேயருல மட்டும் எழுதி வெச்சேன். அனுமதி ஆபீஸ்லேர்ந்து ஆளு வந்து டேப்பு புடிச்சா பிளானு திரும்பிடும், பிளானு திரும்புனா என் சேரு போயிடும். அது எனக்கு தெரியும். தெரிஞ்சே போட்டேன். "மனைல இல்லியேண்ணே"ன்னு கடேசியா ஒரு தடவ முனகுனேன். அவரு என் தோள்ல தட்டி சொன்னாரு: "மொதல்ல பிளான்ல வரட்டும் தம்பி, பூமில தன்னால வந்துடும்."

செய்தி வாசிப்பு

கையெழுத்து போட்ற அன்னிக்கி காலைல, கோடெல்லாம் வெளிறி தெரியுதேன்னு டெம்ப்ளேட்டுல எல்லா லேயரயும் ஒண்ணா புடிச்சி தடிமன ஏத்துனேன். அந்த மாத்தத்த இந்த பிளான்லயும் கொண்டாந்து போட்டேன். எல்லாத்தயும் ஒண்ணா புடிச்சிக்கினு ஒரு எடத்துல தட்னா, எல்லாத்துக்கும் சேந்து தட்டும். என் வெரலு அந்த பிரிண்டர் பொம்ம மேலயும் பட்டுட்சி போல. அது எனக்கு தெரியாது. பிரிண்ட் எடுத்து, பாக்காமலே சுருட்டி மேடத்து மேசைல வெச்சேன். எதுருல கலியபெருமாளு அண்ணன், கதவு கிட்ட தனுசு அண்ணன் பைக்கு சாவிய சுத்திக்கினு நிக்கறாரு.

மேடம் பேனாவ எடுத்தாங்க. கண்ணாடிய தேடுனாங்க. மேசைல தேடுனாங்க, டிராயர்ல தேடுனாங்க. கலியபெருமாளு அண்ணன் செருமிட்டு, "தலைல கீதும்மா"ன்னாரு. மாட்டிக்கினாங்க. பிளான விரிச்சாங்க. பேனா எறங்கவே இல்ல. நான் எட்டி பாத்தேன். நல்லா தடியா, கறுப்பா, என் வாயி அங்க கெடக்குது.

மேடம் நியூஸு வாசிக்கற மாரி, ஏத்த எறக்கம் இல்லாம படிச்சாங்க. "தரைல இருவத்தி மூணரை தான். மீதி அரை அடி தம்பி தொழுவத்துல மாடு கூட படுத்திருக்கு." கலியபெருமாளு அண்ணன் செரும வாய தொறந்தாரு, சத்தம் வரல. "கலியபெருமாளு அண்ணன் கையில டேப்பு ரப்பராயிடுது." அப்பறம் கீழ் மூலைக்கி வந்தாங்க. அத்த மட்டும் மனசுக்குள்ளயே படிச்சாங்க. எனக்கு அது மனப்பாடம்: "மேடம் கண்ணாடிய தலைல வெச்சிக்கினு மேசைல தேடறாங்க. காலைலேர்ந்து ரெண்டாவது தடவ."

நான் சேர ஒரு தடவ திரும்பி பாத்துக்கினேன், போயிட்டு வரேன்டான்னு. அப்ப கதவு கிட்டேர்ந்து புஸ்ஸுன்னு ஒரு சத்தம். தனுசு அண்ணன். அடக்கி அடக்கி பாத்து முடியாம, சாவிய கீழ போட்டுட்டு, செவுத்த புடிச்சிக்கினு சிரிக்கறாரு. "ரப்பரு! அண்ணே, ரப்பரு டேப்பாம்!" கலியபெருமாளு அண்ணன் வெடுக்குனு எழுந்து, "நீ வெளிய வாடா"ன்னு தம்பிய தள்ளிக்கினு படி எறங்குனாரு. உரக்கட வாசல்ல ரெண்டு பேரும் கைய நீட்டி நீட்டி பேசறது ஜன்னல்ல தெரிஞ்சிது. தனுசு அண்ணன் கைய தர மட்டத்துக்கு காட்றாரு, கன்னுக்குட்டிய சொல்றாரு போல. அண்ணன் ஆகாசத்த காட்றாரு, செத்துப்போன அப்பாவ சொல்றாரு போல. ஒரு டீ வந்துச்சி, ரெண்டு பேருக்கும் நடுல அது மட்டும் சும்மா நின்னுது. அப்பறம் ரெண்டாவது டீ வந்துச்சி, அத்த குடிச்சாங்க.

திரும்பி மேல வந்த கலியபெருமாளு அண்ணன் சேர்ல ஒக்காராமலே, மேசய பாத்து சொன்னாரு: "இருவத்தி மூணரையே போடும்மா. அப்பா எழுப்புன செவுத்த இடிச்சி மாட்ட வெயில்ல நிக்க வெச்சிட்டு, அந்த அரை அடில நான் இன்னா குத்தாட்டமா ஆடப்போறேன்?"

எழுத்து அளவு

அந்த இருவத்தி மூணரைய வெச்சி ராவோட ராவா எல்லாம் போடல, மறுநாளு பொறுமயா ஒக்காந்து போட்டேன். ஹாலுல அரை அடி கொறஞ்சிது. டெம்ப்ளேட்டுல இருந்த குழி சதுரத்த அழிச்சேன். குழி பத்திரத்துல இருக்கட்டும், பிளானுக்கு டேப்பு தான். பூஜ ரூமயும் அழிச்சேன், வேணுங்கறவங்களுக்கு போட்டுக்கலாம். வாயி லேயர அழிக்க கைய கொண்டு போனேன், மனசு வரல. மேடம் சொல்லட்டும்னு வுட்டேன். அவங்க அத்த பத்தி பேசவே இல்ல. பேசாம இருக்கறது திட்டறத வுட கொடும, அது உங்களுக்கு தெரியும்.

மூணு வாரம் கழிச்சி மடுகரக்கி ஆளு வந்து டேப்பு புடிச்சாங்களாம். தனுசு அண்ணன் தான் ஒரு முனைய புடிச்சாராம், தொழுவத்து செவுத்துல வெச்சி. இருவத்தி மூணரை. பிளானு திரும்பி வரல. அனுமதி சீட்டு வந்துச்சி. கலியபெருமாளு அண்ணன் ரெண்டு கட்டு கரும்ப மாடிக்கி தூக்கியாந்து, என் சேருக்கு பக்கத்துல சாத்தி வெச்சிட்டு போனாரு. அதனால சேரு இப்ப எடது பக்கம் சாய முடியாம நேரா நிக்குது.

அன்னிக்கி சாயங்காலம் மேடம் கூப்ட்டாங்க. கண்ணாடி தலைல இருந்துச்சி. நான் டவுன்லேர்ந்து பொண்ணு வர்ற தேதிய சொல்லப் போறாங்கன்னு நெனச்சி நின்னேன். "இனிமே ஒவ்வொரு பிளானுக்கும் ரெண்டு பிரிண்ட் எடு. அனுமதி ஆபீஸுக்கு போறதுல அந்த லேயரு கூடாது. எனக்கு வர்றதுல கண்டிப்பா இருக்கணும், அத்த படிச்சிட்டு தான் கையெழுத்து"ன்னாங்க. சரிங்க மேடம்னு திரும்புனேன். முதுகுக்கு பின்னால அந்த கெணத்து கொரலு வந்துச்சி: "என் கண்ணாடிய பத்தி எழுதறத மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தா எழுது ஆரோக்கியம், கண்ணாடி இல்லாம படிக்க முடியல."

எதுத்து பேச தெரியாத வாயிக்கு ஒரு லேயரு, அத்த படிக்க ஒரு மேடம், சாயாம ஒக்கார ரெண்டு கட்டு கரும்பு, இதுக்கு மேல ஒரு கோடு போட்றவனுக்கு இன்னா டெம்ப்ளேட்டு வேணும் சொல்லுங்க.